பாக்கெட் ரிவால்வருக்கு எந்த உறை?

இந்த மாதம் டெக்சாஸிலிருந்து வந்த கடிதங்களில் பாக்கெட் உறையைப் பற்றியவை அதிகம். துப்பாக்கி வாங்கும்போது கடைக்காரரிடம் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், உறையை மட்டும் போகிறபோக்கில் எடுத்துவிடுகிறார்கள். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஹூஸ்டன் பக்கம் கேஸ் ஸ்டேஷனோடு கூடிய கடை வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது, கைத்துப்பாக்கி லைசென்சும் எடுத்துவிட்டேன். இரவு கடையை அடைத்து வசூலை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் காருக்கு நடக்க வேண்டும். அதற்காக ஸ்மித் அண்ட் வெஸன் 642 என்ற சின்ன ரிவால்வர் வாங்கினேன். இடுப்பில் மாட்டும் உறை, குனிந்து பெட்டி தூக்கும்போது உறுத்துகிறது. சட்டை விலகினால் வெளியே தெரிகிறது. இப்போதைக்கு பேன்ட் பாக்கெட்டில் அப்படியே போட்டுக்கொள்கிறேன். "ரிவால்வர் டிரிகர் கனமாக இருக்கும், உறை எதற்கு?" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். உறை அவசியமா? தோலா, துணியா, பிளாஸ்டிக்கா?
— ஒரு வாசகர், ஹூஸ்டன்

பதில்: அவசியம், தம்பி. உறை கைக்கு வரும்வரை அதைப் பாக்கெட்டில் போடாதீர்கள்.

642-இன் டிரிகர் கனமானதுதான். பொதுவாக 12 பவுண்டு அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும், இழுக்க வேண்டிய தூரமும் நீளம். ஆனால் உங்கள் பாக்கெட்டில் வேறு என்னவெல்லாம் இருக்கும் என்று யோசியுங்கள். கல்லாச் சாவி, கார்ச் சாவி, அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தி, சில்லறை. சாவி வளையம் டிரிகரில் மாட்டிக்கொண்டது தெரியாமல் நீங்கள் ரிவால்வரை வெடுக்கென்று இழுத்தால், அந்த 12 பவுண்டை உங்கள் கையே கொடுத்துவிடும். குழல் அப்போது உங்கள் தொடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போகிற இடம் அது.

ஆகவே உறையின் முதல் வேலை டிரிகரை முழுக்க மூடுவது. கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சிலிண்டரைத் திறந்து ஐந்து துளையும் காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள், கடைக்காரரையும் பார்க்கச் சொல்லுங்கள். மூடி உறைக்குள் வையுங்கள். பிறகு வெளியிலிருந்து, டிரிகர் இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். டிரிகர் கொஞ்சமாவது நகர்வது தெரிந்தால் அந்த உறை வேண்டாம். மெல்லிய துணியில் தைத்த மலிவான உறைகள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

இரண்டாவது வேலை, கைப்பிடியை எப்போதும் மேலே பார்த்தபடி நிறுத்துவது. உறையில்லாத துப்பாக்கி நாம் நடக்க நடக்கப் பாக்கெட்டுக்குள் திரும்பிவிடும். காலையில் கைப்பிடி மேலே இருக்கும். மத்தியானம் பார்த்தால் குழல் மேலே வந்திருக்கும். இருட்டில் அவசரமாகக் கையை விடும்போது முதலில் குழல் அகப்பட்டால் என்ன செய்வீர்கள்? உறையின் அடிப்பாகம் அகலமாக இருந்தால் பாக்கெட்டின் அடியில் அசையாமல் உட்காரும்.

மூன்றாவது, துப்பாக்கியின் வடிவம் வெளியே தெரியாமல் மறைப்பது. 642-இன் சிலிண்டர் ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்று அதிகமான தடிமன். வெறுமனே போட்டால் பேன்டில் அந்த உருண்டை அப்படியே தெரியும். உறையின் வெளிப்பக்கம் தட்டையாகவும் மூலைகள் சதுரமாகவும் இருந்தால், பார்க்கிறவர்கள் பர்ஸ் என்றோ போன் என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

நான்காவது வேலையைத்தான் வாங்குகிறவர்கள் யோசிப்பதே இல்லை. ரிவால்வர் வெளியே வரும்போது உறை பாக்கெட்டிலேயே நின்றுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால், கையில் இருப்பது துப்பாக்கி அல்ல, துணி சுற்றிய ஒரு பொருள். உறையின் வெளிப்பக்கம் சொரசொரப்பாகவோ ஒட்டும் தன்மையோடோ இருக்க வேண்டும், உட்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சரி, எதனால் செய்தது என்ற கேள்விக்கு வருகிறேன்.

துணி வகையில் டிசாண்டிஸ் நெமெசிஸ் நல்ல உறை. வெளிப்பக்கம் ஒட்டுகிற மாதிரியான துணி, நடுவில் நுரை, உள்ளே வழுக்கும் நைலான். விலையும் குறைவு, முதல் உறையாக வாங்க ஏற்றது. வாங்கும்போது "ஜே ஃபிரேம், இரண்டு அங்குலக் குழல்" என்று சொல்லிக் கேளுங்கள்; ஜே ஃபிரேம் என்பது ஸ்மித் அண்ட் வெஸனின் சின்ன ரிவால்வர் அளவு. 642-இன் குழல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைவு என்றாலும் எல்லோரும் இரண்டு அங்குலம் என்றே சொல்வார்கள். துணி உறையின் குறை, நாளாக ஆக வாய் தொய்ந்துபோவது. நுரை அமுங்கி, வாய் மடங்கத் தொடங்கியதும் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

தோலில் சொரசொரப்பான பக்கம் வெளியே வருமாறு தைத்ததைப் பாருங்கள். கால்கோ பாக்கெட் ப்ரொடெக்டர் அப்படிப்பட்டது. வாய்ப்பகுதி விறைப்பாக நிற்கும். பக்கவாட்டில் கொக்கி போன்ற ஒரு வளைவு இருப்பதால், இழுக்கும்போது அது பாக்கெட்டின் ஓரத்தில் மாட்டி உறையை உள்ளேயே நிறுத்திவிடும். தோல் நம் தொடையின் வளைவுக்குப் பழகிக்கொள்ளும் என்பது இன்னொரு வசதி. என்னிடம் கேட்டால், தினமும் எட்டுப் பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்களுக்குத் தோல்தான் என்பேன்.

கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக், டிரிகரைப் பாதுகாப்பதில் முதலிடம். எவ்வளவு அழுத்தினாலும் நெளியாது. ஆனால் பாக்கெட்டுக்குள் அது கனமான பட்டைபோல உறுத்தும். ரிவால்வரை எடுக்கும்போது 'டிக்' என்று சத்தம் வரும். சில உறைகள் துப்பாக்கியை இறுக்கமாகப் பற்றிக்கொண்டு கூடவே வெளியே வந்துவிடும். இடுப்புக்குக் கைடெக்ஸ் மிக நல்லது. பாக்கெட்டுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் தம்பி, உறையைவிட முன்னதாகப் பேன்டைப் பாருங்கள். 642-இன் மொத்த நீளம் ஆறேகால் அங்குலத்துக்கு மேல். காலியாக 400 கிராமுக்குச் சற்றுக் கூட. ஐந்து தோட்டாவும் போட்டு உறையையும் சேர்த்தால் அரைக் கிலோவுக்கு மேலே போய்விடும். இறுக்கமான ஜீன்ஸ் பாக்கெட்டில் கை நுழைவதே கஷ்டம், துப்பாக்கியோடு வெளியே வருவது அதைவிடக் கஷ்டம். சைனோ அல்லது கார்கோ பேன்டில், முன்பக்கப் பாக்கெட்டின் வாய் அகலமாக இருக்க வேண்டும். உறையோடு உள்ளே வைத்தால் கைப்பிடியின் நுனி பாக்கெட் வாய்க்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். பின் பாக்கெட் கூடவே கூடாது. உட்காரும்போது அதன்மேல் உட்காருவோம், பின்னால் நிற்கிறவனுக்கும் அது எட்டும்.

கடையில் வாங்கும் பேன்ட்களில் பாக்கெட் துணி மெலிதாக இருக்கும். அரைக் கிலோ தினமும் உள்ளே ஆடினால் சீக்கிரமே ஓட்டை விழும். தையல் தெரிந்தவரிடம் கொடுத்துப் பழைய பாக்கெட் பையை வெட்டி எடுத்துவிட்டு, கெட்டியான டிரில் துணியில் ஒரு அங்குலம் கூடுதல் ஆழமாகத் தைத்துக்கொள்ளுங்கள். நான் கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் பேன்ட்களை அப்படித்தான் தைத்து வருகிறேன். நல்ல பெல்டும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பாக்கெட்டில் ரிவால்வரும் உறையும் தவிர எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பேனா மூடி, ஒரு மிட்டாய்க் காகிதம்கூடக் கூடாது. வலது கைக்காரர் என்றால் வலப் பாக்கெட்டைத் துப்பாக்கிக்கு விட்டுவிட்டு, சாவியையும் போனையும் இடப் பக்கம் மாற்றிப் பழகுங்கள். பல வருடப் பழக்கம், கை தானாக வலப் பக்கம்தான் போகும். முதல் சில வாரங்கள் ரிவால்வர் இல்லாமல் வெறும் உறையை மட்டும் வலப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கடையில் நில்லுங்கள். சாவியை அந்தப் பக்கம் போடுவது முற்றிலும் நின்ற பிறகு துப்பாக்கியை வையுங்கள்.

உங்களுக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டுக் காருக்கு நடக்கும்போது கையைப் பாக்கெட்டில் விட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடியே நடக்கலாம். பார்க்கிறவர்களுக்கு ஒருவர் பாக்கெட்டில் கைவிட்டு நடக்கிறார், அவ்வளவுதான். இடுப்பு உறையில் இது முடியாது. ஆனால் காரில் ஏறி சீட் பெல்ட் போட்டுவிட்டால் பாக்கெட்டில் இருப்பது கைக்கு எட்டாது. அதற்காக எடுத்துக் கப் ஹோல்டரில் வைக்காதீர்கள். பிரேக் அடித்தால் அது உருளும். டெக்சாஸ் சட்டப்படி வெளியே தெரியும் கைத்துப்பாக்கி உறையில் இருந்தாக வேண்டும். கதவைப் பூட்டுங்கள், வண்டியை எடுங்கள், கிளம்புங்கள். ஆபத்து நேரத்தில் கார் நகர்வதே பெரிய பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்லாவில் இருக்கும் பணத்தைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பாக்கெட்டில் இருப்பது உயிருக்காக, வசூலுக்காக அல்ல.

கேள்வி: வணக்கம் அக்கா. நெமெசிஸ் உறைதான் வைத்திருக்கிறேன். வீட்டில் பழகிப் பார்க்கும்போது சில சமயம் உறையும் சேர்ந்து வந்துவிடுகிறது. கையும் பாக்கெட் வாயில் சிக்குகிறது. உறையை மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: உறையை மாற்றும் முன் கையைக் கவனியுங்கள். பெரும்பாலோர் கைப்பிடியை முழுக்கைக்குள் இறுக்கிவிட்டு இழுக்கிறார்கள். மூடிய முஷ்டி திறந்த கையைவிட அகலம், அதனால்தான் சிக்குகிறது. விரல்களை நீட்டி, கை தட்டையாக உள்ளே போகட்டும். உங்களுடையது ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) மறைந்திருக்கும் மாடலாக இருந்தால், கட்டைவிரலை ரிவால்வரின் பின்முதுகில் வையுங்கள். கை ஒல்லியாகிவிடும். வெளியே வந்த பிறகு கட்டைவிரலைக் கீழே இறக்கிப் பிடியை முழுமையாக்கலாம். ஆள்காட்டி விரல் எப்போதும் உறையின் வெளிப்பக்கத்தில் நேராக நீட்டியபடி இருக்க வேண்டும்.

நேர் மேலே இழுக்காமல் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்த்து மேலே கொண்டுவாருங்கள். உறையின் பின் மூலை பாக்கெட் தையலில் இடித்து நின்றுவிடும். கைப்பிடி ரப்பர் என்றால் அதுவே பாக்கெட் துணியைப் பிடித்து இழுக்கும். வழவழப்பான மரப் பிடிக்கு மாறினால் உங்கள் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். வேட்டு அடிக்கும்போது மரம் கையைக் கொஞ்சம் கூடுதலாக வலிக்கச் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழகும்போது தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். டம்மித் தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு, ஆள் இல்லாத கெட்டியான சுவரைப் பார்த்து நின்று பழகுங்கள்.

உறைக்குள் திரும்ப வைப்பதில்தான் விபத்துகள் நடக்கின்றன. பாக்கெட்டுக்குள் இருக்கும் உறையில் ரிவால்வரைக் குருட்டுத்தனமாகத் திணிக்காதீர்கள். உறையை வெளியே எடுங்கள், கண்ணால் பார்த்து உள்ளே வையுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் இறக்குங்கள். திரும்ப வைக்க யாருக்கும் அவசரம் கிடையாது.

கேள்வி: கணவருக்கு பாக்கெட் வசதியாக இருக்கிறது. நான் பெரும்பாலும் சுடிதார்தான் போடுகிறேன். டாப்ஸில் பக்கப் பாக்கெட் இருக்கிறது, அதில் வைக்கலாமா? அல்லது கைப்பையா?
— ஒரு வாசகி, ஃப்ரிஸ்கோ

பதில்: சுடிதார் டாப்ஸின் பாக்கெட் வேண்டாம், கண்ணு. துணி மெலிது, பாக்கெட் தொங்கும் இடமும் பக்கத் தையல் மட்டும்தான். அரைக் கிலோ எடை உள்ளே விழுந்தால் நடக்கும்போது முழங்காலில் இடிக்கும், ஒரு பக்கத் தோள் இறங்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆண்களின் ஜிப்பாவுக்கும் இதே பதில்தான்.

கைப்பை என்றால் துப்பாக்கிக்கென்று தனி அறை உள்ள பையாக வாங்குங்கள். அந்த அறைக்குள் டிரிகரை மூடும் உறை கட்டாயம் இருக்க வேண்டும். உதட்டுச் சாயமும் சாவியும் இருக்கும் அறையில் ஒருபோதும் போடாதீர்கள். இதில் எனக்கு ஒரு மனத்தடை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: பையைக் கீழே வைப்போம், மளிகைக் கடையில் தள்ளுவண்டியில் விட்டுவிட்டு இரண்டு அடி தள்ளிப் போவோம், குழந்தையின் கையில் கொடுப்போம். பறிக்கிற திருடனுக்கும் முதலில் கண்ணில் படுவது பைதான். பையை உடம்பைவிட்டு நகர்த்தவே மாட்டேன் என்ற உறுதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஆழமான முன்பாக்கெட் வைத்த பேன்டும் மேலே நீளமான குர்தியும் போட்டுக்கொண்டால் கணவருக்குச் சொல்வதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: எச்1பி விசாவில் டாலஸில் இருக்கிறேன். 2021-இலிருந்து டெக்சாஸில் லைசென்ஸே தேவையில்லை என்கிறார்கள். நான் ஒரு சின்ன ரிவால்வரும் பாக்கெட் உறையும் வாங்கலாமா?
— ஒரு வாசகர், டாலஸ்

பதில்: உறையை வாங்கலாம். ரிவால்வரைத் தொடாதீர்கள், தம்பி.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் தகுதியுள்ளவர்கள் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் யார் தகுதியுள்ளவர் என்பதில் மத்திய அரசின் சட்டமும் குறுக்கே வரும். எச்1பி, எச்4, எஃப்1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதற்கு அதை நம்பி இறங்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் பேசியே ஆக வேண்டும். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம், விசா வாழ்க்கையும் அதோடு முடியும். நண்பர்களோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை.

கிரீன் கார்டு வந்தாலும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். வகுப்பு நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அப்புறம் 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்திய சட்டத்தில், அந்த மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு இருக்கிறது. ஊருக்குள் ஓட்டிப் போனால் எத்தனை பள்ளிக்கூடங்களைத் தாண்டுகிறோம்! நியூ ஜெர்சியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு மட்டும் இந்த லைசென்ஸை நம்பிக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வேறு மாநில லைசென்ஸ் எதுவும் செல்லாது.

கேள்வி: டிசம்பரில் சென்னைக்குப் போகிறோம். துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிடுவேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், கேட்டி

பதில்: நிச்சயமாக. துப்பாக்கியை மறப்பவர்கள் குறைவு, தோட்டாவை மறப்பவர்கள் அதிகம். பாக்கெட் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் மறுபக்கப் பாக்கெட்டில் ரப்பர் பட்டையில் கோத்த ஐந்தாறு தோட்டாக்களை வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கார்கோ பேன்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். அல்லது பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோன முதுகுப் பையில் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தை அடுக்குகிறோம். பையின் அடித் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா போய் உட்கார்ந்திருக்கும்.

ஹூஸ்டனில் அது கண்ணில் படாமல் போய், சென்னையில் எக்ஸ்ரேயில் தெரிந்தால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரிந்தே வைத்திருந்ததாக நிரூபிக்க முடியாமல் வழக்கு கடைசியில் தள்ளுபடி ஆகலாம்; ஆனால் அதற்குள் விடுமுறை போய், விமானம் போய், பாஸ்போர்ட்டும் போலீஸ் கையில் இருக்கும். அமெரிக்க விமான நிலையச் சோதனையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியே பிடிபட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், டி.எஸ்.ஏ. ப்ரீசெக் என்ற விரைவுச் சோதனை வசதி ஐந்து ஆண்டு வரை ரத்து.

எனவே துப்பாக்கி சம்பந்தப்பட்ட பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். உறை வைத்த பேன்டையும் ஊருக்கு எடுத்துப் போக வேண்டாம். பெட்டி கட்டும் முன்பு எல்லாப் பையையும் உள்பக்கம் வெளியே திருப்பி உதறுங்கள்.

கேள்வி: வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான். இரவு வந்ததும் பேன்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவேன், ரிவால்வர் அதிலேயே இருக்கும். உறையில்தானே இருக்கிறது, பரவாயில்லையா?
— ஒரு வாசகர், பியர்லேண்ட்

பதில்: பரவாயில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? உறை டிரிகரை மூடும், குழந்தையின் கையைத் தடுக்காது. பாக்கெட் உறைக்குக் கொக்கியோ பட்டனோ கிடையாது. பெரியவர் ஒரே இழுப்பில் எடுப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தை ஒரு விரலால் இழுக்க முடியாத டிரிகரை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கட்டைவிரலால் அழுத்த முடியும். அப்படி அழுத்தும்போது குழல் அதன் முகத்தைப் பார்த்தே இருக்கும்.

டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது குற்றம். குழந்தை அதைச் சுட்டு யாருக்காவது பலத்த காயமோ சாவோ நேர்ந்தால் குற்றத்தின் தரமும் உயரும். சட்டம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு இதுதான் என் பதில்.

வாசற்கதவைத் தாண்டியதும் முதல் வேலை, சாவியை மாட்டுவதற்கும் முன்பு, உறையோடு சேர்த்து எடுத்து எண் பூட்டுள்ள சின்ன இரும்புப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைச் சுவரிலோ மரச் சட்டத்திலோ திருகி வைத்திருக்க வேண்டும். உறையோடு வைப்பது ஏனென்றால், தினமும் இரண்டு முறை துப்பாக்கியை உறையிலிருந்து உருவி வைப்பதைவிட அசைக்காமல் வைப்பது பாதுகாப்பு. பையனிடம் இதைப் பற்றிப் பேசவும் செய்யுங்கள். யார் வீட்டிலாவது பார்த்தால் தொடாதே, அந்த இடத்தைவிட்டு வெளியே வா, பெரியவர் யாரிடமாவது சொல். ஆறு வயதுக்கு இந்த மூன்றும் புரியும்.

கேள்வி: தோல் உறைக்குள் வைத்த ரிவால்வரில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. துருவா?
— ஒரு வாசகர், கால்வெஸ்டன்

பதில்: கடலோரத்தில் இருக்கிறீர்கள், துருவாகத்தான் இருக்கும். தோல் வியர்வையை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். இரவில் பெட்டிக்குள் அதே தோல் உறையோடு நாள்கணக்கில் வைக்க வேண்டாம். தினமும் பயன்படுத்தாத நாட்களில் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பெட்டியில் சிலிக்கா ஜெல் பை போட்டு, உறையில்லாமல் தனியாகப் பூட்டி வையுங்கள். முன்கேள்விக்குச் சொன்னது தினமும் எடுத்து வைப்பவர்களுக்கு.

பாக்கெட் துப்பாக்கிக்குத் துருவோடு இன்னொரு எதிரி, நூல் தூசி. டிரிகருக்குப் பின்னால், சிலிண்டருக்கும் சட்டத்துக்கும் இடையில், ஏன், குழலுக்குள்ளும் கூட பாக்கெட்டின் பஞ்சு அடைந்துகொள்ளும். வாரம் ஒருமுறை தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினால் எவ்வளவு விழுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். எண்ணெயை அதிகம் விடாதீர்கள். எண்ணெய் இருந்தால் பஞ்சு ஒட்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஹேமர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 637. பாக்கெட்டுக்கு ஆகுமா?
— ஒரு வாசகர், சான் அன்டோனியோ

பதில்: அந்தக் கொம்பு பாக்கெட் துணியில் மாட்டும். உருவும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்து மூடி எடுத்தால் மாட்டாது. அதைப் பழகிக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளலாம். அவசரத்தில் கட்டைவிரல் இடம் மாறிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. பாக்கெட்டுக்கென்று ஹேமரை மறைத்துச் செய்வது இன்று நேற்றைய யோசனையல்ல, ஸ்மித் அண்ட் வெஸன் 1880-களிலேயே அப்படி ரிவால்வர் செய்தது. துப்பாக்கி பழுதுபார்க்கும் நம்பிக்கையான கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து ஹேமரின் கொம்பை மட்டும் வெட்டிவிடலாம். வீட்டில் அரத்தை எடுத்து நீங்களே ராவாதீர்கள். மாற்றி வாங்குவதாக இருந்தால் 642, அதன் கறுப்பு வடிவமான 442, அல்லது ரூகர் எல்.சி.ஆர். பாருங்கள். ஆனால் எல்.சி.ஆர். வாங்கினால் பழைய உறையையே அதற்கும் போடாதீர்கள். டிரிகர் பகுதியின் வடிவம் ஜே ஃபிரேமிலிருந்து வேறு. அதற்கென்று குறிப்பிட்டு விற்கும் உறையை வாங்கி, முதல் கேள்விக்குச் சொன்ன கட்டைவிரல் சோதனையைச் செய்து பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.